விழும் திசை பார்த்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்கும் விளையாட்டு ஸ்னோபோர்டிங். அதற்கு ஹெல்மெட்டும் மற்ற காப்புகளும் எப்படிப் பார்த்து வாங்குவது என்பது இன்றைய பேச்சு. கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது நிறமும் வடிவமும்தான். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: இந்த விளையாட்டில் ஆள் எப்படி விழுகிறார்? அது புரிந்தால், எந்தக் காப்புக்கு முதலில் பணம் போடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பலகையின் நீள ஓரங்கள் இரண்டிலும் எஃகுப் பட்டை பதித்திருக்கும். ஒன்று கால்விரல் பக்கம், மற்றது குதிகால் பக்கம். சரிவுக்குக் குறுக்கே பலகையை வைத்து இறங்கும்போது மேட்டுப் பக்க ஓரம் மட்டும் பனியைக் கடிக்க வேண்டும். பள்ளத்துப் பக்க ஓரம் சற்றே தூக்கலாக இருக்க வேண்டும். பழகாதவரின் கால் ஒரு நொடி தளர்ந்தால் போதும், பள்ளத்து ஓரம் பனியில் குத்திக்கொள்ளும். பலகை நின்றுவிடும், உடம்பு நிற்காது. முகம் மேட்டைப் பார்த்திருந்தால் மல்லாக்க விழுவார்: முதலில் பிட்டம், அடுத்த கணமே பின்மண்டை. முகம் பள்ளத்தைப் பார்த்திருந்தால் குப்புற விழுவார்: உள்ளங்கை, முழங்கால், சில சமயம் முகம். காலுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பலகை கட்டும் ஸ்கீ என்றால் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்கப் பார்க்கலாம். பலமாக விழுந்தால் பூட்டும் தானாகக் கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்டின் பூட்டு அப்படிக் கழலாது. கால் இரண்டும் கட்டுண்டவருக்கு மிச்சம் இருப்பது கை. ஸ்கீக்காரர்களுக்கு முழங்கால் எப்படித் தீராத தொல்லையோ, புதிதாக ஸ்னோபோர்டு ஏறுபவர்களுக்கு மணிக்கட்டு அப்படி.

ஆக, தலை, மணிக்கட்டு, வால் எலும்பு. என் வரிசை இதுதான். மற்றவை எல்லாம் பிறகு.

ஹெல்மெட்டில் தொடங்குவோம். அதன் வேலை மண்டை நிற்பதற்குக் கொஞ்சம் இடம் கொடுப்பது, அவ்வளவுதான். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 19.5 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இறுகிய பனியில் மோதி அது 3 மில்லிமீட்டருக்குள் நின்றால், புவியீர்ப்பைப் போலச் சராசரியாக 500 மடங்கு அதிர்வு மண்டையில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் நுரை 15 மில்லிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் அதே மோதல் 100 மடங்காகக் குறைகிறது. அந்தச் சொற்ப மில்லிமீட்டருக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்த நுரையும் வேறொன்றுமில்லை, நமக்குத் தெரிந்த தெர்மோகோலின் அடர்த்தியான வகை. ஒருமுறை நசுங்கினால் மீளாது. பலமான ஓர் அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. பழைய ஹெல்மெட்டை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள். அது எத்தனை முறை விழுந்தது என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பனி விளையாட்டு ஹெல்மெட்டின் உட்புற லேபிளில் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்: ஐரோப்பியத் தரமான ஈ.என் 1077, அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம் எஃப் 2040. இப்போது சொன்ன ஒன்றரை மீட்டர் கணக்கு சும்மா எடுத்ததல்ல. ஐரோப்பியச் சோதனையின் உயரமே அதுதான். அதிர்வு 250 மடங்கைத் தாண்டக்கூடாது என்பது அதன் வரம்பு. அமெரிக்கச் சோதனையில் உயரம் 2 மீட்டர், வரம்பு 300. ஐரோப்பியத் தரத்தில் ஏ, பி என இரு வகுப்புகள். ஏ வகுப்பில் காது வரை கெட்டியான ஓடு மூடும். கூர்மையான பொருள் துளைக்காமல் தடுக்கும் சோதனையும் கடுமை. பி வகுப்பில் காதை மூடும் பகுதி துணியாலானது, காற்றுத் துளைகள் அதிகம், சத்தம் நன்றாகக் கேட்கும். பொதுவாகச் சறுக்குபவருக்கு பி போதும். பின்னால் ஒருவர் வருகிற ஓசை காதில் விழுவதும் ஒரு பாதுகாப்புதான்.

இந்த எண்களைக் கேட்டதும் சிலருக்குச் சந்தேகம் வரும்: சறுக்குவது மணிக்கு 40 கிலோமீட்டர், சோதனை 20-க்கு என்றால் எப்படி? சரிவில் விழும்போது தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் வேறு, சரிவோடு வழுக்கிக்கொண்டு போகும் வேகம் வேறு. ஹெல்மெட் சமாளிப்பது முதலாவதை. நேராக ஒரு மரத்திலோ கம்பத்திலோ மோதினால் முழு வேகமும் தலையில் இறங்கும். அதற்கு இந்த ஹெல்மெட் தயாரானதல்ல. ஹெல்மெட் போட்டிருக்கிறோம் என்று வேகத்தைக் கூட்டுபவர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்.

சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறதே, அது ஆகாதா? ஆகாது. மல்லாக்க விழும்போது அடி வாங்கும் பின்மண்டையில் அது ஏறிப்போய் நிற்கும். காற்றுத் துளைகள் பெரியவை. பனிக் கண்ணாடியின் பட்டை நிற்க இடமும் கிடையாது. பனி ஹெல்மெட்டை மைனஸ் 25 டிகிரிக்குக் குளிர்வித்தும் சோதிப்பார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோ கனம். கழுத்து சீக்கிரம் களைத்துவிடும், பக்கவாட்டுப் பார்வையும் குறையும்.

ஓட்டில் இரண்டு விதம். ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் ஓட்டைத் தனியாக வார்த்து நுரையை உள்ளே ஒட்டுவது ஒன்று: கனம் சற்றுக் கூடுதல், ஆனால் பெட்டியில் போட்டு இழுத்தடித்தாலும் தாங்கும். மெல்லிய பாலிகார்பனேட் ஓட்டையும் நுரையையும் ஒரே அச்சில் சேர்த்து வார்ப்பது மற்றது: எடை குறைவு, எளிதில் பள்ளம் விழும். இரண்டுமே தரச் சோதனையைத் தாண்டியவைதான். உங்கள் கைப்பழக்கத்துக்கு எது ஒத்துவரும் என்பதே கேள்வி. சில ஹெல்மெட்டில் மஞ்சள் வட்டத்தில் மிப்ஸ் என்று இருக்கும். ஸ்வீடனில் உருவான ஏற்பாடு. தலைக்கும் நுரைக்கும் நடுவே ஒரு மெல்லிய உறை; சாய்வாக அடிபடும்போது அது 10 முதல் 15 மில்லிமீட்டர் நழுவி, தலை திருகிக்கொள்வதைக் குறைக்கும். பனியில் அடி பெரும்பாலும் சாய்வாகவே விழுவதால் வாங்கலாம். ஆனால் அளவு பொருந்தாத மிப்ஸ் ஹெல்மெட்டைவிட அளவு பொருந்திய சாதாரண ஹெல்மெட் மேல்.

அளவுதான் பலர் கோட்டைவிடும் இடம். தையல்காரர் நாடாவைப் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளவெடுங்கள். சென்டிமீட்டர் கணக்கில் வரும் அந்த எண்தான் உங்கள் அளவு. போட்டுப் பார்க்கும்போது தாடைப்பட்டையை மாட்டாமல் தலையை இடம் வலமாக ஆட்டுங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் தனியாகச் சுழன்றால் அது பெரிது. பின்னால் இருக்கும் திருகைக் கடைசிவரை முறுக்கினால்தான் நிற்கிறது என்றாலும் பெரிதுதான்; திருகு கடைசி அரை அளவைச் சரிசெய்ய வந்தது, அளவு தவறியதை மறைக்க அல்ல. பக்கங்களில் இறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் இடைவெளி விட்டால், அளவு சரி, வடிவம் தவறு. உங்கள் தலை உருண்டை, அது நீளத்தலைக்கு வார்த்தது. வேறு நிறுவனத்தின் அச்சைப் பாருங்கள். பிறகு பட்டையை மாட்டி, ஹெல்மெட்டின் பின்விளிம்பைக் கீழிருந்து மேலாக முன்பக்கம் தள்ளுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்குக் கவிழ்ந்தால் நிராகரியுங்கள். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தால் ஹெல்மெட் சற்றுக் கீழே இழுபட வேண்டும். இத்தனையும் சரியென்றால் கால் மணி நேரம் அப்படியே உட்காருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தழும்பு இருந்தால், சறுக்கும்போது அங்கேதான் தலைவலி தொடங்கும்.

பனிக் கண்ணாடியையும் கையோடு கொண்டுபோங்கள். ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் குளிர்காற்று அங்கே அறுக்கும். ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே அழுத்தினால் மூக்கு அடைபடும். உள்ளே கம்பளித் தொப்பி, தடித்த குரங்குக் குல்லாய் எதுவும் வேண்டாம். அது நுரைக்கும் தலைக்கும் நடுவே நழுவும் இன்னொரு அடுக்கு. குளிர் தாங்காதவர் மெல்லிய தலையுறை போடலாம், அதைப் போட்டுக்கொண்டே அளவும் பார்க்க வேண்டும். உச்சிக்கொண்டையைப் பின்கழுத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். குழந்தைக்கு, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் உடுப்போடு நிற்கட்டும்.

இனி மணிக்கட்டு. 2001-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், சுமார் 5,000 ஸ்னோபோர்டுக்காரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மணிக்கட்டுக் காப்பு கொடுத்தார்கள். காப்பு அணிந்தவர்களில் 8 பேருக்கும் அணியாதவர்களில் 29 பேருக்கும் மணிக்கட்டில் காயம். இவ்வளவு தெளிவான ஆதாரம் உள்ள ஒரு காப்பைத்தான் கடையில் பலரும் தாண்டிப்போகிறார்கள், பார்க்க அழகாக இல்லை என்பதற்காக.

விரித்த கையை ஊன்றி விழும்போது, உள்ளங்கை தரையில் நிற்க, முன்கை அதன்மேல் சாய்கிறது. கை புறங்கைப் பக்கமாக மடங்கி, ஓர் அளவைத் தாண்டியதும் முன்கையின் ஆர எலும்பு நுனியில் முறியும். அல்லது கட்டைவிரல் அடியில் இருக்கும் படகெலும்பு உடையும். படகெலும்பு முறிவு பொல்லாதது. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு. சுளுக்கு என்று விட்டுவிட்டால் கூடாமலே போகலாம். காப்பு செய்ய வேண்டியது அந்த மடக்கத்தைத் தடுப்பது. எனவே புறங்கைப் பக்கம் நெடுக ஒரு தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அது முன்கையில் நன்றாக ஏறிப்போக வேண்டும், சற்று வளைந்தும் கொடுக்க வேண்டும். குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால், விசை தகடு முடியும் இடத்தில் குவிந்து முன்கையை முறிக்கலாம் என்ற கவலை நியாயமானது. ரோலர் ஸ்கேட்டிங் காப்பு தார்ச்சாலையில் வழுக்கிப்போவதற்காக உள்ளங்கையில் புடைத்த பிளாஸ்டிக்கோடு வரும், கையுறைக்குள் அடங்காது. ஸ்னோபோர்டுக்கென்றே 2020-இல் ஐ.எஸ்.ஓ 20320 என்ற தரம் வந்திருக்கிறது. லேபிளில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் சுவரைத் தள்ளிப் பாருங்கள். கை மடங்க மடங்க எதிர்ப்பு கூடிக்கொண்டே வர வேண்டும். காப்போடு கையுறையும் போட்டு, ஜிப்பை இழுக்கவும் பலகையின் பட்டையைப் பூட்டவும் முடிகிறதா என்றும் சோதியுங்கள். பெரும்பாலும் கையுறையை ஓர் அளவு பெரிதாக எடுக்க வேண்டிவரும். வெல்க்ரோவை மிகவும் இறுக்கினால் ரத்தம் குறைந்து விரல் மரத்துவிடும், குளிரில் அது இருமடங்கு தொல்லை. காப்பு உள்ளேயே தைத்த கையுறைகளும் உண்டு. கையுறை கொஞ்சம் தொளதொளத்தாலும் தகடு இடம் மாறிவிடும் என்பது அதன் குறை.

வால் எலும்புக்கு நுரை வைத்த அரைக்கால் சட்டை. உள்ளாடைக்கு மேல், பனிக் கால்சட்டைக்குள் போடுவது. வால் எலும்பிலும் இடுப்பெலும்பின் இரு பக்கமும் நுரை இருக்க வேண்டும். நின்றபடி கண்ணாடியில் பார்ப்பது பயனில்லை. முழங்காலை மடக்கி, பலகையில் நிற்பது போல நில்லுங்கள், பிறகு குந்துங்கள். அப்போது நுரை மேலே ஏறி முதுகுக்குப் போனால், விழும் நேரத்தில் எலும்பு வெறுமனேதான் இருக்கும். மலிவான நுரை ஒரு பருவத்திலேயே தட்டையாகிவிடும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். பலகையைப் பூட்டப் பனியில் உட்காரும்போது குளிர் ஏறாது என்பது இதன் உபரி லாபம்.

முழங்காலுக்கு மெல்லிய நுரை உறை போதும். கெட்டியான கிண்ணம் உள்ளது கால்சட்டைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். முழங்கைக் காப்பு தாவல், தண்டவாளச் சறுக்கல் (பனியில் நட்டுவைத்த கம்பிமேல் பலகையோடு சறுக்குவது) எல்லாம் செய்பவர்களுக்கு.

முதுகுக் காப்பில் விற்பனைப் பேச்சு கொஞ்சம் அதிகம். மோட்டார் சைக்கிளுக்கான ஈ.என் 1621-2 தரத்தையே இங்கும் காட்டுவார்கள். 50 ஜூல் அடியில் முதுகுக்குக் கடந்துவரும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 9-க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. பாறை, மரக்கிளை, தண்டவாள விளிம்பு போன்றவை முதுகில் நேராக இடிப்பதை இது நன்றாகத் தாங்கும். தாவி இறங்கும்போது பிட்டத்தில் விழுந்து முதுகெலும்பு நசுங்குவதையோ, உடம்பு முறுக்கிக்கொள்வதையோ எந்த முதுகுக் காப்பும் தடுக்காது. தாவல் மேடுகளும் தண்டவாளங்களும் அமைத்த தாவல் பூங்காவுக்கும் மரங்களுக்கு நடுவிலும் போகிறவர் வாங்கட்டும். அளவுக்குச் சட்டை எண் உதவாது. தோளிலிருந்து இடுப்புவரை உள்ள நீளம்தான் கணக்கு. போட்டுக்கொண்டு தலையை அண்ணாந்தால் ஹெல்மெட் அதில் இடிக்கக்கூடாது. சாதாரண வெப்பத்தில் மெத்தென்று இருந்து அடிபட்டதும் இறுகும் வகைப் பொருள்கள் குளிரில் விறைக்கும். லேபிளில் டி (T) என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால், மைனஸ் 10 டிகிரியிலும் சோதித்தது என்று பொருள்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, ஈரக் காப்புகளை ஹீட்டர்மேல் காயப்போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஹெல்மெட்டை விடாதீர்கள். இரண்டிலும் நுரை சுருங்கும், பசை விட்டுப்போகும். பெயின்டும் கரைப்பான் கலந்த பசையும் ஓட்டைப் பலவீனமாக்கும். அடிபடாவிட்டாலும் ஐந்து வருஷத்துக்குள் ஹெல்மெட்டை மாற்றிவிடுவது நல்லது. தயாரித்த தேதி உள்ளே ஒட்டியிருக்கும். வாடகைக்கு எடுக்கும்போதும் அதைப் பார்த்து, உள் துணியைப் பிரித்து நுரையில் கீறல் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பயணத்துக்கு முன்பே ஒருநாள் வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்: உள்ளாடை, நுரை அரைக்கால் சட்டை, முழங்கால் உறை, பூட்ஸ், கால்சட்டை, முதுகுக் காப்பு, மேல்சட்டை, ஹெல்மெட், கண்ணாடி, மணிக்கட்டுக் காப்பும் கையுறையும் கடைசி. பிறகு தரையில் உட்கார்ந்து, குனிந்து, பூட்ஸ் பட்டையைத் தொடுங்கள். எட்டவில்லை என்றால் எங்கோ ஓர் அளவு பொருந்தவில்லை. பெரும்பாலும் கால்சட்டைதான் போதாமல் பிடிக்கும். பழையதையே நுரை அரைக்கால் சட்டைக்கு மேல் திணிக்காமல், ஓர் அளவு கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.