சுடுதண்ணிக்கு வந்தவர் டவுனுக்கும் வரட்டும்

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற நம் சுங்காய் என்று சொன்னதும் வெளியூர்க்காரர் என்ன கேட்கிறார்? "சுடுதண்ணி ஊரா? முட்டை அவிக்கப் போயிருக்கிறோமே!" போனார், சரி. டவுனுக்குள் வந்தாரா? நெடுஞ்சாலையை விட்டு இறங்கினார், சுங்கை கிளா சுடுதண்ணி ஊற்றில் ஊறினார், முட்டையைத் தின்றார், மறுபடி நெடுஞ்சாலை ஏறிவிட்டார். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையானது. அதற்கு முன்பு ஈப்போவுக்குப் போகிற லாரியும் பஸ்ஸும் நம் கடைத்தெரு வழியாகத்தான் போகும்.

இந்தத் தண்ணீர் எரிமலையிலிருந்து வருகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே ஏது எரிமலை? தித்திவங்சா மலையில் பெய்கிற மழை, கருங்கல் வெடிப்புகளில் புகுந்து ஆழத்துக்கு இறங்குகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 25, 30 டிகிரி என்று சூடு ஏறுகிறது. அப்புறம் வேறொரு வெடிப்பு கிடைத்ததும் மேலே பொங்கி வருகிறது. அங்கே அடிக்கிற கந்தக வாடை தண்ணீருடையது. கூடையில் கட்டி இறக்கிய முட்டையைச் சந்தேகப்படாதீர்கள்.

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். ரோமானியர் கிட்டத்தட்ட 2000 ஆண்டுகளுக்கு முன்பு குளம் கட்டிய இடம். அங்கே ஊற்று நீர் 46 டிகிரிதான். பக்கத்திலுள்ள நம் உலு சிலிமில் கொதிக்கக் கொதிக்க வருகிறது! ஆனாலும் பாத்துக்குப் போகிறவர்கள் வீதி வீதியாகச் சுற்றுகிறார்கள், ராத்தங்குகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள்.

நமக்குக் கதை இல்லையா? வடக்கே பிறை ஊரிலிருந்து தெற்கே சிரம்பான் வரை 1903-இல் ஒரே பாதையான ரயில், நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. 1942 ஜனவரி 7, விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் பக்கத்து ஊரான துரோலாக்கில் நுழைந்து, சிலிம் ரிவர் டவுன் வரை ஒரே மூச்சில் போய்விட்டன. எதிர்த்து நின்றது பிரிட்டிஷார் தரப்பில் போரிட்ட 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு. பஞ்சாபியரும் கூர்க்காக்களும் விழுந்த சாலையில்தான் நாம் இன்றைக்கு மோட்டார் ஓட்டுகிறோம்.

சுற்றியிருக்கிற செம்பனைக்கு முன்னால் இது ரப்பர்க் காடு. இருட்டோடு எழுந்து பால் வெட்டி, வாளி தூக்கித் தோள் தேய்ந்த பாட்டிகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். மூட்டுவலிக்குச் சுடுதண்ணி இதமாக இருக்கும். ஆனால் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஏறிவிட வேண்டும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள். பேரன் "இன்னும் கொஞ்ச நேரம் பாட்டி" என்பான், கேட்காதீர்கள்.

ஸ்டேஷனில் இறங்கி யாராவது வழி கேட்டால், நேரே சுடுதண்ணிக்குக் கைகாட்டி அனுப்பிவிடாதீர்கள். கடைத்தெருவுக்குக் கூட்டி வாருங்கள். ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, துரோலாக் சாலையில் நடந்ததைச் சொல்லுங்கள். லயத்து வாழ்க்கையை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், அந்தப் பாட்டிகளில் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். முட்டை அவிக்கச் சாயங்காலம் போய்க்கொள்ளட்டும்.