பொன்னாடைக்கு முன்னால் போய்விடுங்கள்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

'ஓய்வுக்குப் பிறகு என்ன?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்கிறேன். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம், ஓய்வுக்கு முன்பே மாநாடுகளுக்குப் போய் நட்புத் தேடிக்கொண்ட கதைதான்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். தமிழ்த் தட்டச்சில் ஹையர், அதாவது மேல்நிலைத் தேர்வு, தேறிய கை. 2020 ஜூலையில் 58 நிறைந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்த மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் 60 என்றார்கள். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே வேண்டாம்.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. எங்களுக்கு ஆண்டுக்குப் 12 நாள் தற்செயல் விடுப்பு. அதில் இரண்டு நாள் கேட்டேன். "உங்களுக்கு அங்கே என்னம்மா வேலை?" என்றார் கண்காணிப்பாளர். நியாயமான கேள்விதான். கட்டுரை வாசிக்கவா போகிறேன்? என்னிடம் இருந்தது ஒரு கோபம் மட்டும். நான் அடித்து அனுப்பும் கடிதத்தை அடுத்த அலுவலகத்தில் திறந்தால் கட்டமும் கோடுமாகத் தெரியும். அவர்கள் கணினியில் ஓர் எழுத்துரு, எங்கள் கணினியில் வேறொன்று. மூன்று பக்கத்தை மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டும். யாரிடமாவது இதைக் கொட்ட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன்.

தேநீர் மேசையில் அகப்பட்டவர் மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். கொட்டிவிட்டேன். எந்தத் துறை, என்ன பதவி என்று அவர் கேட்கவில்லை. "'கொ' எப்படி அடிப்பீர்கள்?" என்று கேட்டார். மேசை மீதே விரலை வைத்துக் காட்டினேன்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். "தாளுக்கு அது சரி. உங்கள் எழுத்துருவில் அது மூன்று படம். எழுத்தாக எங்கே சேமித்தீர்கள்?" என்றார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பிறகு கோப்பையை நகர்த்திவிட்டு என் இரண்டு கைகளையும் மேசையில் வைக்கச் சொன்னார். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'கொ' வேண்டுமா? வலக்கையால் க, இடக்கையால் ஒ. 'அம்மா' என்றால் அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானே விழுந்துவிடும். 1999இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டி வந்தது இது. பதினொரு ஆண்டாகப் பெயர் காதில் விழுந்திருந்தும், தட்டச்சு தெரியாதவர்களுக்கான ஏற்பாடு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கற்றவர்களுக்கே உரிய கர்வம்! பழைய பழக்கத்தை என் விரல்கள் விட எட்டு மாதம் ஆயிற்று.

மாநாடு என்றால் எல்லாமே அமிர்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வாழ்த்துரைகள் ஒரு மணி நேரம் நீளும், ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். எனக்கு மாநாடு என்பது சாப்பாட்டு வரிசைதான். அங்கேதான் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டி, அவர் வேறொருவரிடம் அழைத்துப் போவார். 2018இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இணைய மாநாடு நடந்தபோது, உள்ளே நுழைந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட என் பதவி தெரியாது.

அவர்கள் வழியாகத்தான் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்குப் போனேன். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்வருடல்கள் (ஸ்கேன் படங்கள்) அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இயந்திரம் படித்துத் தந்த எழுத்தை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். அதை இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. என் மஞ்சளை நானே பச்சையாக்க முடியாது, அது விதி. இப்படி ஒரு விதியை யார் யோசித்தார்களோ, அவர் கைக்கு மோதிரம் போடலாம்.

என் பக்கங்களைப் பச்சையாக்கியவன் சேலத்துக் கல்லூரி மாணவன். ஒருநாள், "அம்மா, இந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்து யானைத் துதிக்கை மாதிரி இருக்கிறதே, அச்சுப்பிழையா?" என்று கேட்டான். பழைய 'ணை'! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் நான் சிலேட்டில் எழுதிய எழுத்து. இயந்திரம் அதைக் கண்டு விழித்தது, பையனும் விழித்தான். என் வயது ஒரு வேலைக்கு ஆயிற்று என்று தோன்றிய முதல் நாள் அது.

ஓய்வுக்குப் பிறகு போகக்கூடாதா என்பீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அப்போது பொழுதைப் போக்க இடம் தேடிப் போவோம், எதிரில் இருப்பவருக்கு அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பணியில் இருக்கும்போது போனால் கையில் ஒரு சிக்கல் இருக்கும். விடை கிடைத்தால் திங்கட்கிழமையே அலுவலகத்தில் போட்டுப் பார்க்கலாம். சரிவரவில்லை என்றால் சொன்னவரைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம். எனக்கு நட்பெல்லாம் அந்தச் சண்டையில்தான் முளைத்தது.

2022 ஜூலைக் கடைசி நாள் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். முதல் வாரம் அலுவலகத்திலிருந்து தினமும் போன் வந்தது, அந்தக் கோப்பு எங்கே, இந்தக் கோப்பு எங்கே என்று. இரண்டாம் மாதம் நின்றுவிட்டது. சேலத்துப் பையன் மட்டும் விடவில்லை. "அம்மா, 143ஆம் பக்கத்தில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது" என்று இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்புவான்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே நூலக மாடியில் மெய்ப்புப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். நான்கு கணினிகள்தான் இருக்கின்றன. இன்னும் ஓய்வு பெறாதவர்களுக்கே முதலிடம். மற்றவர்கள் மடிக்கணினி கொண்டு வாருங்கள். தேநீர் என் பொறுப்பு.