பசை என் பையில் இருக்கிறது

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர்களே, அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

வகுப்பில் மரத்துண்டுகளைப் பூட்டி மாதிரி செய்வதைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு முதன்முதலாகக் காற்றாலை செய்தபோது, துண்டுகள் அடங்கிய பெட்டியோடு பசையையும் கொடுத்துவிட்டேன். அச்சைச் செருகுவதற்கு முன்பே பாதிப் பேர் சுவர்களை ஒட்டிவிட்டார்கள். பார்க்க அழகான காற்றாலைகள். ஊதினால் ஒன்றும் சுற்றவில்லை.

அதற்குப் பிறகு முதல் நாள் பசை கிடையாது. பூட்டு, கழற்று, மறுபடியும் பூட்டு, அவ்வளவுதான். துண்டுகள் லேசரால் வெட்டிய பிளைவுட் பலகையில் வரும். அதிலிருந்து துண்டை முறுக்கிப் பிடுங்கினால் ஓரம் சிம்பு சிம்பாகப் பிய்யும். பின்பக்கமிருந்து விரலால் மெல்லத் தள்ள வேண்டும். பிளைவுட்டில் அடுக்கி ஒட்டிய மரத்தாள்களில் ஒரு தாளின் இழை நெடுக்கில் ஓடினால் அடுத்தது குறுக்கில் ஓடும். மெல்லிய பலகை எளிதில் பிளக்காமல் நிற்பது அதனால்தான். இதைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். ஓர் ஐஸ்கிரீம் குச்சியை நெடுக்கில் பிளக்கவும் குறுக்கில் ஒடிக்கவும் சொல்லுங்கள், போதும்.

லேசர் வெட்டிய ஓரம் கருகியிருக்கும். பிள்ளைகள் அதை முகர்ந்து பார்த்து, “விறகடுப்பு வாசம், டீச்சர்” என்பார்கள். அந்தக் கரி மேல் பசை சரியாகப் பிடிக்காது; உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தாலோ பூட்டு தொளதொளத்துவிடும். எவ்வளவு தேய்ப்பது? இதை எனக்கே கற்றுக்கொடுத்தவர் ஒரு மாணவியின் பாட்டி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர். பால் எடுக்கப் பட்டையைச் சீவும் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் பட்டுவிடும் அல்லவா? துண்டை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மூன்றே இழுப்பு இழுத்தார். “போதும் தாயி, இதற்கு மேல் போனால் கங்காணி ஏசுவார்” என்றார். சொருகினோம், சிக்கென்று உட்கார்ந்தது.

உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ள நாங்கள் பயன்படுத்துவதும் பால்மரத் துண்டுதான், தளவாடப் பட்டறையில் கழித்துப்போட்டது. 1877-இல் மலாயாவில் பால்மரக் கன்றுகள் நட்ட கோலாகங்சார், நம் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ஊர். பால் நின்ற மரத்தை முன்பெல்லாம் விறகாக எரித்தோம். இப்போது அதுவே மேசை நாற்காலியாகிக் கப்பல் ஏறுகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கையில் இருக்கும் துண்டை இரண்டாவது முறை திருப்பிப் பார்ப்பார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பாதியில் நிற்கும் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்தால், இரவோடு இரவாக நீங்களே முடித்து அனுப்பாதீர்கள். அப்பா ஒட்டிய மூலை எது என்பது எனக்குத் தெரியும். அது மட்டும் நேராக இருக்கும்.

பெட்டிகள் பின்வரிசை மேசைகளில் இருக்கின்றன, இருவருக்கு ஒன்று. முதலில் நீங்கள் பூட்டிப் பாருங்கள். பசைப் புட்டிகளைத் தேட வேண்டாம். என் பையில் இருக்கின்றன.