படர்தாமரைக்கு வாங்கும் அந்த ட்யூபில் என்ன இருக்கிறது?

(திரையில்: மருந்துக் கடை கவுண்டர். ஒரு கை சின்ன ட்யூபை நீட்டுகிறது.)

இடுப்பைச் சுற்றியோ, தொடை இடுக்கிலோ, மார்புக்குக் கீழேயோ வட்டமாக ஒரு தடிப்பு. ராத்திரி ஆனால் அரிப்பு தாங்க முடிவதில்லை. இந்த இடத்தை டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணா, படர்தாமரைக்கு ஏதாவது கொடுங்க" என்கிறோம். ஒரு ஆயின்மென்ட் வருகிறது. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. சரி, முடிந்தது என்று நினைத்தால், கொஞ்ச நாளில் முன்பைவிடப் பெரிதாக அதே இடத்தில் மறுபடியும் வருகிறது.

அரிப்பு அவ்வளவு சீக்கிரம் நின்றதுதான் இங்கே பிரச்சினையே. ஏன் என்று பார்ப்போம்.

(திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம். மேல் அடுக்கில் பூஞ்சை இழைகள்.)

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. நம் தோலின் மேல் அடுக்கிலும் முடியிலும் நகத்திலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. இந்தப் பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. ஒரு புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவும். அதனால்தான் ஓரம் தடித்தும், நடுப்பகுதி கொஞ்சம் தெளிந்தும் வளையமாகத் தெரிகிறது. நம் ஊர் மாநிறத்தில் அது சிவப்பாக இல்லாமல் பழுப்பாகவோ கருப்பாகவோ தெரியலாம்.

அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்குவது பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான். பூஞ்சையோடு அது போராடுவதைத்தான் நாம் அரிப்பாக உணர்கிறோம். கடையில் மருந்துச் சீட்டு கேட்காமலே கிடைக்கிற பல ஆயின்மென்ட்களில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடும். அரிப்பு உடனே நிற்கும். பூஞ்சையோ தடையில்லாமல் வளரும்.

(திரையில்: ட்யூபின் பின்பக்கம். பெயர்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாகின்றன.)

வீட்டில் இருக்கிற ட்யூபை இப்போதே எடுத்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன். இவற்றில் ஒரு பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது இவை மிக நல்ல மருந்துகள். படர்தாமரைக்கு இவை வேண்டாம். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய 'அட்டவணை எச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் கவுண்டரில் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இது எனக்கு உண்மையாகவே கோபம் வரவைக்கிற விஷயம்.

மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழும். அந்தக் கோடுகள் முழுதாக மறைவதில்லை, பதினெட்டு வயதுப் பையனுக்கு வந்தாலும் அப்படித்தான். முகத்தில் தடவியவர்களுக்குப் பருவும் சிவப்பும் தேவையில்லாத முடியும் வரும். வளையத்தின் வடிவமும் மாறிவிடும். வளையத்துக்குள் வளையமாகவோ, ஓரமே தெரியாத கருந்திட்டாகவோ ஆகி, பார்த்தவுடன் கண்டுபிடிப்பது டாக்டருக்கே கஷ்டமாகிவிடும்.

(திரையில்: உலக வரைபடம். இந்தியா, ஜப்பான், நியூயார்க்.)

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் கண்ட ஒரு பூஞ்சையை ஜப்பான் ஆய்வாளர்கள் 2020-ல் புதிய இனமாக விவரித்தார்கள். ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயர். முன்பு படர்தாமரைக்கு நம்பிக்கையாகக் கொடுத்துவந்த டெர்பினாஃபின் மாத்திரை இந்த வகையில் பலருக்கும் வேலை செய்வதில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது இருப்பதாக அமெரிக்காவில் அறிவித்தார்கள். அதில் ஒருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட்களின் தாறுமாறான பயன்பாடு இந்த நிலைக்கு ஒரு முக்கியக் காரணம் என்று நம் தோல் மருத்துவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்.

(திரையில்: கையில் க்ரீம் தடவும் காட்சி.)

அப்படியானால் என்ன செய்வது? தோல் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. அவர் ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை க்ரீம் தருவார், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். க்ரீமை வளையத்தின் மேல் மட்டும் வைத்தால் போதாது. ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை அங்கே போயிருக்கும். தோல் தெளிவாகிவிட்டது என்று தோன்றும்போதுதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை தொடருங்கள். மாத்திரை கொடுத்தால், இதயக் கோளாறு, கல்லீரல் கோளாறு, கர்ப்பம், ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூண்டையும் எருக்கம்பாலையும் தேய்க்காதீர்கள். தொடை இடுக்கு வெந்து புண்ணாகிவிடும்.

அப்புறம் வீட்டு வேலை. வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு இருந்தாலும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும். ஆளுக்கொரு துண்டு. உள்ளாடைகளைச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸுக்குப் பதில் தளர்வான பருத்தி. குளித்தபின் இடுக்குகளில் ஈரம் போகத் துடைத்த பிறகே உடுத்துங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் அரைஞாண் கயிறும் தொற்றைத் தக்கவைக்கும், குணமாகும்வரை கழற்றி வையுங்கள்.

(திரையில்: நுண்ணோக்கியின் கீழ் கிளைத்த இழைகள்.)

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இதுவரை தடவிய எல்லா ட்யூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அவர் தோலைக் கொஞ்சம் சுரண்டி, கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். வலிக்காது. ஸ்டீராய்டை நிறுத்திய முதல் சில நாள்கள் அரிப்பும் எரிச்சலும் கூடலாம். அது தாங்க முடியாவிட்டால் அவரிடமே திரும்பப் போங்கள், பழைய ட்யூபைத் தேடாதீர்கள்.