45 நாள் கெடு: ஒர்க்ஃப்ளோவில் டைமரை எங்கே தொடங்குவது?

வணக்கம் நண்பர்களே. பில் அப்ரூவலை ஆட்டோமேட் செய்கிறவர்கள் பலர் கெடு வைக்கும் இடத்திலேயே தவறிவிடுகிறார்கள், அதனால் இன்றைக்கு அதை மட்டும் பேசுவோம். உதாரணத்துக்கு நம் ஊர் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் தெரிந்த 45 நாள் விதியையே எடுத்துக்கொள்கிறேன்.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, சிறு சப்ளையரிடம் சரக்கு வாங்கினால் எழுத்தில் எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இது போக 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிக்கும் ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள்: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிக் கொடுத்தால், எந்த வருடம் கொடுக்கிறீர்களோ அந்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும்.

சரி, இப்போது ஸ்க்ரீனைப் பாருங்கள். வழக்கமாக எப்படி டிசைன் செய்கிறார்கள்? பில்லை அப்லோட் செய்ததும் ஃப்ளோ தொடங்குகிறது, ஸ்டோர்ஸுக்கு 5 நாள், பர்ச்சேஸுக்கு 5 நாள், அக்கவுண்ட்ஸுக்கு 15 நாள், பேமெண்டுக்கு 10 நாள், மொத்தம் 35, 45க்குள் 10 நாள் மிச்சம் இருக்கிறதே என்று எல்லாருக்கும் திருப்தி. ஆனால் சரக்கை 2025 பிப்ரவரி 10 அன்று ஏற்றுக்கொண்டார்கள், பில் அப்லோட் ஆனது பிப்ரவரி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் தங்கள் கெடுவின் கடைசி நாளில் முடித்தாலும் பணம் போவது ஏப்ரல் 1. சட்டப்படியான கெடுவோ மார்ச் 27. டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், யாரும் தாமதிக்கவில்லை, ஆனாலும் கெடு போய்விட்டது, நிதியாண்டும் மாறிவிட்டது! அந்தப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் சனிக்கிழமை சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பி இருப்பார், எனக்கு வரியை விட அதுதான் பெரிய விஷயம்.

அதனால் படிக்குப் படி டைமர் வைப்பதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். முதலில் ஜிஆர்என்னில், அதாவது சரக்கு வந்ததற்கு ஸ்டோர்ஸ் போடும் ரசீதில், இருக்கும் ஏற்பு தேதியை எடுங்கள், 45ஐ (எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15ஐ) கூட்டுங்கள், அந்தக் கடைசி தேதியை பில்லின் ரெக்கார்டிலேயே ஒரு தனி ஃபீல்டாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் அங்கிருந்து பின்னால் எண்ணி வாருங்கள். பேங்குக்கு அனுப்பும் மொத்தப் பணப் பட்டியல் (பேட்ச்) வாரத்துக்கு ஒரு நாள்தான் போகிறது என்றால் கெடுவுக்கு முந்தைய பேட்ச் எது, அதற்கு அக்கவுண்ட்ஸ் எப்போது முடிக்க வேண்டும் என்று. பில் தாமதமாக வந்தால் ஒவ்வொருவரின் நாளும் தானாகவே குறையும், குறையத்தான் வேண்டும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை விஷயம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் 45 நாளில் ஞாயிறு, பொங்கல் எல்லாமே சேர்த்தி. ஆனால் வெள்ளி மாலை 5 மணிக்கு மேனேஜரிடம் போன அப்ரூவலுக்கு 2 நாள் டைமர் வைத்தால் அது ஞாயிறு மாலை தீர்ந்துவிடும், அவர் மெயிலையே பார்த்திருக்க மாட்டார். ஆக, உள்ளே வேலை நாள் கணக்கு, வெளிக்கெடுவுக்கு காலண்டர் நாள் கணக்கு, இரண்டையும் ஒரே ஃபார்முலாவில் கலக்காதீர்கள்.

அடுத்தது ஹோல்ட் பட்டன். இது எனக்கு நிஜமாகவே கவலை தரும் ஒன்று, ஏனென்றால் ஹோல்ட் அழுத்தினால் டைமர் நிற்கும்படி பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் கடிகாரம் அப்படி நிற்காது. டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால்தான் கணக்கு மாறும், சப்ளையர் குறையைச் சரிசெய்த நாளே ஏற்பு நாளாகும். "சார் ஊரில் இல்லை" என்று போட்ட ஹோல்ட் எதையும் நிறுத்தாது. எனவே ஹோல்டை இரண்டு வகையாகப் பிரியுங்கள், ஆட்சேபக் கடிதத்தை அட்டாச் செய்தால் மட்டும் கடைசி தேதி மாறட்டும்.

மைக்ரோசாஃப்டின் ஆட்டோமேஷன் டூலான பவர் ஆட்டோமேட் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அதில் ஒரு ஃப்ளோ ரன் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். 45 நாள் காத்திருக்கும் ஸ்டெப்பை ஒரே ரன்னில் வைத்தால், கெடு வருவதற்கு முன்பே ரன் செத்துவிடும், எஸ்கலேஷன் மெயில் போகவே போகாது. காத்திருக்கிற வேலையை ஃப்ளோவிடம் கொடுக்காமல், தினமும் ஒரு முறை ஓடும் தனி ஃப்ளோ ஒன்றை வையுங்கள். அது அந்தக் கடைசி தேதி ஃபீல்டைப் பார்த்து, 10 நாள் இருந்தால் ரிமைண்டர், 4 நாள் இருந்தால் மேலதிகாரிக்கு என்று அனுப்பட்டும். ரிமைண்டர் போனதற்காக மேனேஜரின் அப்ரூவல் டாஸ்க் ரத்தாகிவிடக் கூடாது, அது அப்படியே திறந்திருக்க வேண்டும்.

அந்த தினசரி ஃப்ளோவைக் காலை 5 மணிக்கு வைத்தால் இன்னொரு சிக்கல். அதன் உள்கணக்கு யுடிசி எனும் உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், ஆகவே நமக்கு 5 மணி ஆகும்போது அங்கே முந்தைய நாள் இரவு 11:30. "இன்று" என்று அது எடுப்பது நேற்றைய தேதி, ஒரு நாள் அதிகமாக இருப்பதாகக் காட்டும். டைம் ஸோனை மாற்றும் ஸ்டெப்பைச் சேர்த்துவிட்டு, மார்ச் 27 கெடு உள்ள ஒரு டம்மி பில்லைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், மிச்ச நாள் சரியாக வருகிறதா என்று கமெண்டில் சொல்லுங்கள்.