எல்லாப் பணிகளையும் செய்ய முயல வேண்டுமா? றோபோப் போட்டித் திட்டமிடல் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

சுன்னாகத்திலிருந்து ஒரு மாணவி அனுப்பிய கேள்வியை முதலில் வாசிக்கிறேன். "நாங்கள் எட்டுப் பேர், லெகோ றோபோவை மேசையில் தானாகப் பணிகள் செய்யவைக்கும் ஃபெர்ஸ்ட் லெகோ லீக் சலஞ்ச் போட்டிக்கு ஆயத்தமாகின்றோம். மேசையில் உள்ள எல்லாப் பணிகளையும் செய்ய முயல வேண்டுமா, அல்லது கூடிய புள்ளியுள்ள பணிகளை மட்டும் தெரிவு செய்தால் போதுமா? இதைப் பற்றி எங்களுக்குள் ஒவ்வொரு நாளும் வாக்குவாதம் நடக்கிறது" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என்னுடைய பதில். விதிநூலில் உள்ள புள்ளி எல்லாக் குழுக்களுக்கும் பொதுவானது. ஆனால், உங்கள் றோபோ அந்தப் பணியைப் பத்துத் தடவையில் எத்தனை தடவை சரியாகச் செய்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே உரிய கணக்கு. அந்தக் கணக்கு கையில் இல்லாதவரை உங்கள் வாக்குவாதம் முடியப்போவதில்லை. ஆகவே ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பணியையும் பத்துத் தடவை ஓடவிட்டு, வெற்றியையும் எடுத்த செக்கன்களையும் எழுதுங்கள். 40 புள்ளிப் பணி பத்தில் நான்கு தடவை மட்டும் சரிவந்தால் அதன் சராசரிப் பெறுமதி 16 புள்ளிதான். 20 புள்ளிப் பணி பத்தில் ஒன்பது தடவை சரிவந்தால் அதன் பெறுமதி 18. சிறியது என்று நீங்கள் ஒதுக்கிவைத்த பணிதான் உங்களுக்குக் கூடுதலாகத் தருகிறது.

அடுத்ததாக நேரம். ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம், அதாவது 150 செக்கன். பிள்ளைகள் பெரும்பாலும் றோபோ ஓடும் நேரத்தை மட்டுமே எண்ணுகிறார்கள். அது திரும்பி வந்த பின் முன்னால் மாட்டிய பொறியைக் கழற்றி வேறொன்றை மாட்டும் நேரத்தை எண்ணுவதில்லை. றோபோ ஒரு தடவை புறப்பட்டுத் திரும்புவது ஓர் ஓட்டம். ஒரு சுற்றில் ஐந்து ஓட்டங்கள் என்றால் நான்கு தடவை மாற்ற வேண்டும். ஒரு மாற்றத்துக்குப் பத்துச் செக்கன் போனாலும் 40 செக்கன், அதாவது முழுச் சுற்றில் கால்வாசிக்கு மேல், றோபோ அசையாமலே கழிந்துவிடுகிறது. எனவே பணிகளைப் புள்ளியின்படி வரிசைப்படுத்தாமல், ஒரே திசையில் உள்ளவற்றையும் ஒரே பொறியால் செய்யக்கூடியவற்றையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். மாற்றுவதை மட்டும் தனியாகக் கடிகாரம் வைத்துப் பழகுவதற்கும் இரண்டு பேரை ஒதுக்குங்கள்.

அப்படியானால் கடினமான பணியை முற்றாக விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். மூன்று சுற்றுகளில் மிகக் கூடிய புள்ளி எதுவோ அதுவே கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பத்தில் நான்கு தடவை சரிவரும் பணி, மூன்று சுற்றுகளில் ஒரு தடவையாவது சரிவருவதற்கு ஏறத்தாழ 78 வீத வாய்ப்பு உண்டு. ஆனால், அது சரிவரும் அதே சுற்றில் மற்றைய பணிகளும் சரிவந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பயன் குறைவு. அதனால்தான் ஆபத்தான பணியைக் கடைசி ஓட்டத்தில் வைக்கச் சொல்கிறேன். அங்கே தவறினால் அந்தப் பணி மட்டும் போகும். முதலாவது ஓட்டத்தில் தவறினால் பின்னால் உள்ள அனைத்தினதும் நேரம் போய்விடும்.

றோபோ தூரத்தில் சிக்கிக்கொண்டால் கை வைப்பதா, காத்திருப்பதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். சுற்றின் தொடக்கத்தில் உங்களுக்கு ஆறு துல்லிய வில்லைகள் உண்டு. புறப்படும் இடத்துக்கு வெளியே றோபோவில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் நடுவர் ஒன்றை எடுத்துவிடுவார். அவற்றில் ஒன்றை இழந்தாலும் வில்லைகளுக்கான 50 புள்ளி அப்படியே இருக்கும். இரண்டாவதை இழக்கும்போது அது 35 ஆகிறது. ஆகவே முதலாவது தடவை றோபோவைத் தயங்காமல் எடுங்கள். அடுத்த ஓட்டம் 15 புள்ளிக்கு மேல் தரும் என்றால் இரண்டாவது தடவையும் எடுக்கலாம். இந்த முடிவை மேசையருகில் நின்று யோசித்தால் அதற்கே ஐந்தாறு செக்கன் போய்விடும்.

நான் பயிற்றுவித்த ஒரு குழு, யன்னல் திறந்த வகுப்பறையில் பின்னேர வெயில் வெளிச்சத்தில் நிற உணரியைச் சரிசெய்துவிட்டு, மின்விளக்கு மட்டும் உள்ள மண்டபத்தில் போட்டியிட்டது. மேசையில் உள்ள கறுப்புக் கோட்டினை றோபோ அடையாளம் காணவே இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைய தவறு என்னுடையது. போட்டி மண்டபத்திலேயே உணரியை மறுபடி அளவிட நேரம் ஒதுக்குங்கள். ஒரு பாகை திரும்பிப் புறப்பட்டால் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 1.7 சென்ரிமீற்றர் விலகல் வரும் என்பதால், நீண்ட ஓட்டங்களின் நடுவே மேசைச் சுவரில் பின்பக்கத்தை முட்டி நேராக்கும் பழக்கத்தையும் கொண்டுவாருங்கள். பற்றரியின் அளவையும் அதே கொப்பியில் குறித்துவைப்பது நல்லது.

எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி நிற்க வேண்டியதில்லை. மேசையில் பெறும் புள்ளி மொத்த மதிப்பீட்டில் நான்கில் ஒரு பங்குதான். றோபோ வடிவமைப்பு, புத்தாக்கச் செயற்றிட்டம், அடிப்படை விழுமியங்கள் ஆகிய மூன்றுக்கும் அதே அளவு பங்கு உண்டு. நீங்கள் எழுதும் கொப்பியையே வடிவமைப்பு நடுவர்களிடம் காட்டி, ஏன் இந்தப் பணியை எடுத்தோம், ஏன் அதை விட்டோம் என்று விளக்கலாம். இன்றைக்கே பத்து ஓட்டங்களை ஓடவிட்டுப் பார்த்து, அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள். அடுத்த காணொளியில் அவற்றை வைத்தே உங்கள் ஓட்ட வரிசையைப் பார்ப்போம்.