கெனிசாவும் எட்டுப் பட்டை விளக்கும்

வணக்கம். கெய்ரோ கெனிசாவை, அதாவது அங்குள்ள யூதத் தொழுகைக்கூடத்தில் பழைய தாள்களைப் போட்டுவைத்த அறையைப் பற்றிய ஒரு காணொலியை நேற்றிரவு பார்த்தேன். முகப்புப் படத்தில் 'ரகசிய அறை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பேய்ப் பட இசையையும் ஓடவிட்டிருந்தார்கள். அந்த இசையைக் கேட்டால் எனக்கு எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பழைய கெய்ரோவான ஃபுஸ்டாட்டில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் அந்த அறையில் ரகசியம் எதுவும் இல்லை. இறைவனின் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். அதனால் நைந்துபோன நூல்களோடு, எபிரேய எழுத்தில் இருந்த வரவு செலவுக் கணக்குகள், திருமண ஒப்பந்தங்கள், சிறுவர்களின் எழுத்துப் பயிற்சித் தாள்கள் ஆகியவற்றையும் நூற்றாண்டுக் கணக்காக அங்கே போட்டு வந்தார்கள். 1896-ல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் வாங்கி வந்த தாள்களில் பென் சீரா என்ற பழைய யூத ஞான நூலின் எபிரேய வடிவம் ஒன்று இருப்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் கண்டுகொண்டார். அவர் கெய்ரோவுக்குச் சென்று திரட்டிய தொகுப்பில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் இன்று கேம்பிரிட்ஜில் உள்ளன.

நான் சொல்ல வந்தது, அந்த அறையில் கிடைத்த ஒரு கடிதம் கேட்கும் விளக்கைப் பற்றி. துனிசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜு, 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை வைத்திருந்த வணிகர். ஏமனின் துறைமுக நகரான ஏடனிலிருந்த நண்பர்கள் உடைந்த பழைய பாத்திரங்களை அவருக்கு அனுப்பி, உருக்கிப் புதிதாக வார்த்துத் தரச் சொல்வார்கள். அப்படி வந்த கடிதம் ஒன்று விளக்கு கேட்கிறது: தண்டு எட்டுப் பட்டையாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும், கால்கள் உறுதியாக இருக்க வேண்டும், இரண்டு திரி போடும்படி மேலே ஓர் அகல் வேண்டும், அந்த அகலை ஏற்றி இறக்க முடிய வேண்டும், பாகங்களோ தனித்தனியாகக் கழல வேண்டும். நம்மூர் குத்துவிளக்குக்குக்கூட யாரும் இவ்வளவு அடம்பிடித்துக் கேட்டு நான் பார்த்ததில்லை! இந்தக் கடிதத்துக்கு அந்தக் காணொலியில் ஒரு நொடிகூட இடமில்லை. தூசி படிந்த அறையை மட்டும் பத்து நிமிடம் காட்டுகிறார்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்தக் கடிதங்களின் எழுத்து எபிரேயம் என்றாலும் மொழி அரபு. ஆகவே 'எபிரேயக் கடிதம்' என்று அந்தக் காணொலியில் சொன்னது தவறு. இன்னொன்று, மலபார்க் கரையில் காகிதம் அரிதாக இருந்ததால், ஏடன் நண்பர்கள் சர்க்கரை, உலர் திராட்சையோடு நல்ல வெள்ளைக் காகிதத்தையும் பரிசாக அனுப்பினார்கள். பென் யிஜுவோ வந்த கடிதங்களின் வெற்றிடத்திலும் தம் கணக்கை எழுதிக்கொண்டார். வணிகக் கடிதத்தை இப்படிப் பயன்படுத்தியவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த காணொலியில், அஷு என்ற அடிமைப் பெண்ணை விடுவித்து 1132 அக்டோபரில் மங்களூரில் பென் யிஜு எழுதிக்கொடுத்த பத்திரத்தைப் பார்ப்போம். அந்தப் பெண்ணையே அவர் மணந்துகொண்டார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பின்னணி இசை கிடையாது.